விஎம்முக்குள் யூஎஸ்பி வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரியிலும் நான் போய்வரும் ஆடிட்டர் அலுவலகங்கள், எடைமேடைகள், பட்டறைகள் பலவற்றில் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். கணினியில் லினக்ஸ் மின்ட் அல்லது புது விண்டோஸ் ஓடும். அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது விஎம்மில், பழைய மென்பொருளுக்காகவோ டிஜிட்டல் கையெழுத்துக்காகவோ இன்னொரு விண்டோஸ் ஓடும். வேலை நடக்க வேண்டுமானால் ஒரு யூஎஸ்பி சாதனம் அந்த விஎம்முக்குள் போயாக வேண்டும். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் இருக்கும் சாதனம்), லைசென்ஸ் டாங்கிள் (மென்பொருளின் உரிமத்தைத் திறக்கும் சாவி), தராசிலிருந்து வரும் சீரியல் கேபிள், பில் பிரிண்டர், இப்படி ஏதாவது ஒன்று.

ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள் மாதாமாதம் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி. காலாண்டுக்கு ஒருமுறை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 22. அந்த மாலைகளில்தான் "சார், டோக்கன் காட்டவே மாட்டேங்குது" என்று போன் வரும். அந்த அவசரத்தில் சிலர் விஎம்மையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், சிலர் புது டோக்கன் வாங்கப் போகிறார்கள். இரண்டுமே கடைசியில் யோசிக்க வேண்டியவை. பெரும்பாலான பழுதுகள் காசு செலவில்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

கீழே லினக்ஸ் கட்டளைகளின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில், ஒரு பெயரின் நடுவே இடைவெளி விடாமல் அடியுங்கள்.

## எதற்கும் முன்: சாதனம் இப்போது யாரிடம் இருக்கிறது?

ஒரு யூஎஸ்பி சாதனம் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும். வெளியே இருக்கும் கணினி, அதாவது ஹோஸ்ட், அதை வைத்திருந்தால் விஎம்முக்குக் கிடைக்காது. விஎம் எடுத்துக்கொண்டால் ஹோஸ்டில் பயன்படுத்த முடியாது. பென்டிரைவ் ஹோஸ்டிலிருந்து மறைந்துவிட்டது என்று பதறுகிறார்கள். பதற வேண்டாம், அது சரியாக வேலை செய்வதன் அடையாளம்.

யாரிடம் இருக்கிறது என்று பார்க்க மூன்று இடங்கள் போதும். ஹோஸ்ட் லினக்ஸ் என்றால் டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று அடியுங்கள். செருகியிருக்கும் எல்லாச் சாதனமும் வரிசையாக வரும், விஎம் எடுத்துக்கொண்டதும் சேர்த்து. ஹோஸ்ட் விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். விஎம் ஓட்டும் மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ் என்றால், அது எடுத்துக்கொண்ட சாதனம் அங்கே தன் சொந்தப் பெயரை விட்டுவிட்டு 'விர்ச்சுவல்பாக்ஸ் யூஎஸ்பி' என்று நிற்கும். விஎம்வேர் என்றால் 'விஎம்வேர் யூஎஸ்பி டிவைஸ்'. மூன்றாவது, விஎம்முக்குள் ஓடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜர்.

இந்த மூன்றையும் பார்த்தபின், கீழே உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

## அறிகுறி 1: ஹோஸ்டிலேயே சாதனம் தெரியவில்லை

இங்கே விஎம்மைத் தொடவே வேண்டாம். பழுது அதற்கு வெளியே இருக்கிறது.

முதலில் துளையை மாற்றுங்கள். சிபியூவின் முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு நீளமான வயரில் தொங்குபவை. பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே பதிந்தவை. பின்னால் செருகிப் பாருங்கள். நடுவில் ஹப்போ எக்ஸ்டென்ஷன் வயரோ இருந்தால் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள்.

அடுத்து, துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊரில் இதைத் தவிர்க்க முடியாது. கடலூர் துறைமுகப் பக்கமும் புதுச்சேரியில் கடற்கரை ஒட்டிய வீதிகளிலும் ஜன்னல் திறந்தே இருக்கும் அறைகளில், உப்புக்காற்று பட்டு யூஎஸ்பி துளையின் தகடுகள் மங்கிப்போயிருக்கும். ஓரத்தில் பச்சையாகப் பூத்திருப்பதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம். கணினியை அணைத்து, பவர் வயரை உருவிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் தகடுகளைத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். டோக்கனின் முனைக்கும் இதே வைத்தியம். குண்டூசி, பிளேடு எதையும் உள்ளே விடாதீர்கள். நடுவில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் துளையே போய்விடும்.

பிறகு வேறு கணினியில் செருகுங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் பழுது சாதனத்தில்தான், விற்றவரிடம் போங்கள். அங்கே தெரிந்தால் உங்கள் கணினியின் துளையில்.

லினக்ஸில் இன்னொரு சோதனை உண்டு. டிஎம்இஎஸ்ஜி கட்டளையைப் பார்த்துக்கொண்டே செருகுங்கள். 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்' என்ற வரியின் முடிவில் எர்ரர் -71 என்று வந்தால் கேபிள், துளை, மின்சாரம் மூன்றில் ஒன்று. -110 என்றால் சாதனம் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை, அங்கேயும் இதே மூன்றைப் பாருங்கள். இவை எதுவும் மென்பொருளால் தீராது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பல துளைகள் ஒரே நாளில் செத்துவிட்டன, அதற்கு முன் இடியோ மின்வெட்டோ நடந்தது என்றால் மதர்போர்டு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். விலை உயர்ந்த டோக்கனை அந்தத் துளைகளில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்காதீர்கள்.

## அறிகுறி 2: ஹோஸ்டில் இருக்கிறது, விஎம்மின் யூஎஸ்பி பட்டியல் காலி

லினக்ஸ் ஹோஸ்ட், விர்ச்சுவல்பாக்ஸ். இந்த அறிகுறிக்கு முதல் சந்தேகம் எப்போதும் அனுமதி மேல்தான். உங்கள் பயனர் கணக்கு விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் இருக்க வேண்டும். லினக்ஸ் மின்ட்டில் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' திரையில் உங்கள் பெயரைத் தேர்ந்து அந்தக் குழுவைச் சேர்த்துவிடலாம். சேர்த்ததோடு நிற்காதீர்கள். கணக்கிலிருந்து முழுதாக வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் அது அமலுக்கு வரும். விர்ச்சுவல்பாக்ஸை மட்டும் மூடித் திறந்தால் போதாது. உறுதிப்படுத்த, டெர்மினலில் குரூப்ஸ் என்று அடித்தால் வரும் பெயர்களில் விபாக்ஸ்யூசர்ஸ் இருக்கிறதா பாருங்கள்.

விண்டோஸ் ஹோஸ்ட், விர்ச்சுவல்பாக்ஸ். நிறுவியபின் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தீர்களா? செய்யாவிட்டால் செய்யுங்கள். அப்படியும் காலியாகவே இருந்தால், எல்லா யூஎஸ்பி சாதனங்களையும் கழற்றிவிட்டு (மவுஸ், கீபோர்டு தவிர) நிறுவும் கோப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டி 'ரிப்பேர்' கொடுங்கள். யூஎஸ்பி-க்கான அதன் டிரைவர் மறுபடி உட்காரும். ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்' வரியை அழி என்று சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன. அது சில நேரம் பலிக்கும், ஆனால் தவறான வரியை அழித்தால் கீபோர்டே வேலை செய்யாமல் போகும். உங்களுக்கு ரெஜிஸ்ட்ரி பழக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டுக்கும் பொது: விஎம்மின் செட்டிங்ஸில் யூஎஸ்பி பகுதியில் 'எனேபிள் யூஎஸ்பி கன்ட்ரோலர்' டிக் ஆகியிருக்க வேண்டும். விஎம் ஓடும்போதும், 'சேவ்டு' நிலையில் நிற்கும்போதும் இதை மாற்ற முடியாது. உள்ளே விண்டோஸை ஷட்டவுன் செய்தபின் மாற்றுங்கள்.

விஎம்வேர். 'ரிமூவபிள் டிவைசஸ்' மெனு காலியாக இருந்தால், விண்டோஸின் சர்வீசஸ் திரையில் 'விஎம்வேர் யூஎஸ்பி ஆர்பிட்ரேஷன் சர்வீஸ்' ஓடுகிறதா பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுத்து, தானாகத் துவங்கும்படி ஆட்டோமேட்டிக் என்று வையுங்கள்.

ஹைப்பர்-வி, மைக்ரோசாஃப்ட்டின் விஎம் மென்பொருள். இதில் தேடவே வேண்டாம். பொதுவான யூஎஸ்பி சாதனத்தை அப்படியே விஎம்முக்குள் கொடுக்கும் வசதி ஹைப்பர்-வியில் கிடையாது. 'என்ஹான்ஸ்டு செஷன்' வழியாக ஸ்மார்ட் கார்டு, பிரிண்டர், டிரைவ் போன்றவை கிடைக்கும். இணைக்கும்போது 'ஷோ ஆப்ஷன்ஸ்', 'லோக்கல் ரிசோர்சஸ்' போய் அவற்றை டிக் செய்ய வேண்டும். டிஎஸ்சி டோக்கனுக்குப் பெரும்பாலும் இது போதும். சீரியல் கேபிளுக்கோ லைசென்ஸ் டாங்கிளுக்கோ இதை நம்பாமல் வேறு விஎம் மென்பொருளுக்கு மாறிவிடுங்கள். இல்லாத மெனுவைத் தேடி ஒரு நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-2. இதிலும் நேரடி வழி இல்லை. யூஎஸ்பிஐபிடி-வின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, லிஸ்ட், பைண்ட், அட்டாச் என்ற மூன்று படிகளில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றிச் செருகும்போதும் அட்டாச் மறுபடி தேவைப்படும்.

## அறிகுறி 3: பட்டியலில் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் 'பிஸி' என்கிறது

விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி மெனுவில் சாதனத்தின் மேல் மவுஸைச் சிறிது நேரம் வைத்தால் அதன் நிலை வரும். 'அவைலபிள்' என்றால் எடுக்கலாம். 'கேப்சர்டு' என்றால் ஏதோ ஒரு விஎம்மிடம் இருக்கிறது. இரண்டு விஎம் திறந்திருந்தால் மற்றொன்றைப் பாருங்கள். 'பிஸி' என்றால் ஹோஸ்டில் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்பது சாதனத்தைப் பொறுத்தது.

டிஎஸ்சி டோக்கன், லினக்ஸ் ஹோஸ்ட். பிடித்திருப்பது அநேகமாக பிசிஎஸ்சிடி என்ற ஸ்மார்ட் கார்டு சேவை. அதை நிறுத்தினால் டோக்கன் விடுபடும். ஆனால் சேவையை மட்டும் நிறுத்தினால் அதன் சாக்கெட் அதை மறுபடி எழுப்பிவிடும். அதனால் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுத்து முதலில் பிசிஎஸ்சிடி.சாக்கெட், அப்புறம் பிசிஎஸ்சிடி.சர்வீஸ் என்று இரண்டையும் நிறுத்துங்கள். ஹோஸ்டில் டோக்கனே பயன்படுத்தப் போவதில்லை என்றால் அந்தச் சேவையை நிரந்தரமாக முடக்கிவிடலாம்.

டிஎஸ்சி டோக்கன், விண்டோஸ் ஹோஸ்ட். டோக்கனின் மேலாண்மை மென்பொருள் ஹோஸ்டிலும் போட்டிருப்பார்கள். செருகியதும் அது முந்திக்கொண்டு திறக்கும். டாஸ்க்பாரின் வலது மூலையில் அதன் ஐகானை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். டோக்கன் விஎம்முக்குள்தான் வேண்டும் என்றால் ஹோஸ்டில் அந்த மென்பொருளை வைத்திருக்கவே தேவையில்லை.

தராசு, எடைமேடை, மீட்டர்களின் சீரியல் கேபிள். லினக்ஸில் மோடம்மேனேஜர் என்ற சேவை, புதிதாக வந்த சீரியல் சாதனம் மோடமா என்று பேசிப் பார்க்கும். சில வினாடி பொறுத்திருந்து முயன்றால் விட்டுவிடும். டேட்டா கார்டு எதுவும் பயன்படுத்தாத கணினியில் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம். உபுண்டு 22.04-ஐ ஒட்டிய பதிப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சிஎச்340 சிப் உள்ள மலிவுக் கேபிள்களை பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் பிரெயில் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பிரெயில் கருவி பயன்படுத்துபவர் யாரும் இல்லாத கணினி என்றால் அந்த நிரலை நீக்கிவிடுங்கள். பயன்படுத்துபவர் இருந்தால் நீக்காமல் வேறு சிப் உள்ள கேபிள் வாங்குங்கள்.

பிரிண்டர். ஹோஸ்டின் அச்சுச் சேவை பிடித்திருக்கும். இங்கே என் யோசனை வேறு. பிரிண்டரை விஎம்முக்குள் இழுக்காதீர்கள். ஹோஸ்டில் நிறுவி நெட்வொர்க்கில் பகிர்ந்து, விஎம்மில் நெட்வொர்க் பிரிண்டராகச் சேருங்கள். இரண்டு பக்கமும் அச்சடிக்கலாம். நேரடியாக யூஎஸ்பி துளைக்கே எழுதும் சில பழைய பில்லிங் மென்பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு.

பென்டிரைவ், ஹார்டு டிஸ்க். ஹோஸ்டில் 'இஜெக்ட்' கொடுத்தபின்தான் விஎம்முக்குக் கொடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்பு கெட்டுவிடும்.

எதைச் செய்தாலும் பிடி விடவில்லையா? சாதனத்தைக் கழற்றி, விஎம்மின் செட்டிங்ஸில் அதற்கு ஒரு யூஎஸ்பி ஃபில்டர் சேர்த்து, விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகுங்கள். ஃபில்டர் இருந்தால் செருகிய கணமே விஎம் எடுத்துக்கொள்ளும், ஹோஸ்டின் சேவைகளுக்கு இடமிருக்காது. ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனத்துக்கு ஃபில்டர் சேர்த்தால் ஒன்றும் நடக்காது, கழற்றிச் செருக வேண்டும். ஃபில்டரில் வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி (தயாரித்த நிறுவனத்தையும் மாடலையும் குறிக்கும் எண்கள்) இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கட்டங்களைக் காலி செய்யுங்கள்.

## அறிகுறி 4: விஎம்முக்குள் வந்தது, ஆனால் மஞ்சள் முக்கோணம்

பாதி வேலை முடிந்துவிட்டது. இனி இது சாதாரண டிரைவர் பிரச்சினை, விஎம் என்பதையே மறந்துவிட்டுப் பார்க்கலாம்.

உள்ளே விண்டோஸ் 7 என்றால் முதலில் விஎம்மின் யூஎஸ்பி கன்ட்ரோலர் 3.0-இல் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 7-க்கு யூஎஸ்பி 3.0 தானாகத் தெரியாது. 2.0-க்கு இறக்கிவிடுங்கள். டோக்கன், டாங்கிள், சீரியல் கேபிள் எதற்கும் 3.0-இன் வேகம் தேவைப்படாது.

டிவைஸ் மேனேஜர் காட்டும் பிழை எண், அதாவது கோட் (code), 28 என்றால் டிரைவரே இல்லை. விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து அதற்குரியதைப் போடுங்கள். ஹோஸ்டில் என்ன ஓடுகிறது என்பது இங்கே பொருட்டே இல்லை.

சீரியல் கேபிளில் கோட் 10 வந்தாலோ, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிஎல்2303எச்எக்ஸ்ஏ ஃபேஸ்டு அவுட் சின்ஸ் 2012' என்று வந்தாலோ, கேபிளின் சிப் பழையது அல்லது போலி. சிப் தயாரித்த நிறுவனத்தின் புது டிரைவர் அதை ஏற்காது. பழைய டிரைவர் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. விண்டோஸ் அப்டேட் அதை மறுபடி மாற்றிவிடும், நீங்களும் மறுபடி அலைய வேண்டும். எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் ஒன்று வாங்கிவிடுவதே நிம்மதி.

ஹோஸ்ட் ஆப்பிளின் எம் வரிசை மேக் என்றால் விஷயமே வேறு. உள்ளே ஓடுவது ஆர்ம் விண்டோஸ். சாதாரண விண்டோஸ் மென்பொருள் அதில் ஓடும், ஆனால் டிரைவர் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். டோக்கன் நிறுவனம் அப்படி ஒன்று தராவிட்டால் வேறு வழியில்லை, இன்டெல் அல்லது ஏஎம்டி கணினிக்குப் போங்கள்.

## அறிகுறி 5: டோக்கன் டிவைஸ் மேனேஜரில் இருக்கிறது, சான்றிதழ் மட்டும் காட்டவில்லை

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இது. புது டோக்கனுக்கு வீண் செலவு நடப்பதும் இங்கேதான்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பார்க்கிறீர்களா? சிப்காட் பக்கம் ஒரு அலுவலகத்தில் விஎம் ஓடும் கணினி உள்ளறையில், டோக்கனும் அதிலேயே. கணக்காளர் தன் மேஜையிலிருந்து விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் விஎம்முக்குள் போகிறார். "அண்ணே, உள்ள போய் அந்தத் திரையில பார்த்தா சர்ட்டிஃபிகேட் வருது. என் டேபிள்ல இருந்து பார்த்தா காணோம். டோக்கன் லூஸா இருக்குமோ?" என்றார். டோக்கனில் ஒரு குறையும் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போனதும் விண்டோஸ், அந்தக் கணினியில் செருகியிருக்கும் ஸ்மார்ட் கார்டுகளை உங்கள் திரைக்குக் காட்டாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில் செருகியதைத்தான் காட்டும். டிவைஸ் மேனேஜரில் மட்டும் டோக்கன் தெரிந்துகொண்டே இருக்கும், அதுதான் குழப்பம்.

வழி இரண்டு. டோக்கனை உங்கள் மேஜைக் கணினியில் செருகி, ரிமோட் டெஸ்க்டாப்பின் லோக்கல் ரிசோர்சஸில் ஸ்மார்ட் கார்டை டிக் செய்யுங்கள். அல்லது விஎம்மின் திரையை அப்படியே காட்டும் எனிடெஸ்க் மாதிரியான மென்பொருளில் உள்ளே போங்கள். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் ஜன்னலிலேயே நேராக வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

எல்லாம் ஒரே பக்கம் இருக்கின்றனவா? ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்திட பிரவுசர், கையெழுத்திடும் மென்பொருளான எம்சைனர், டோக்கனின் மென்பொருள், டோக்கன் நான்கும் ஒரே விண்டோஸுக்குள் இருக்க வேண்டும். பிரவுசர் ஹோஸ்டிலும் டோக்கன் விஎம்மிலும் இருந்தால் ஒருகாலும் சேராது. பழக்கத்தில் ஹோஸ்டின் குரோமைத் திறந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

விஎம்மின் விண்டோஸில் 'ஸ்மார்ட் கார்டு' சர்வீஸ் ஓடுகிறதா? நின்றிருந்தால் துவக்குங்கள்.

சான்றிதழ் காலாவதியா? டோக்கனின் மென்பொருளைத் திறந்து தேதியைப் பாருங்கள். கூடவே விஎம்மின் கடிகாரத்தையும் பாருங்கள். நாள்கணக்கில் 'சேவ்' செய்து வைத்திருந்த விஎம்மில் தேதி பின்தங்கியிருக்கலாம்.

நிறுத்த வேண்டிய இடம்: பின் எண்ணைத் தவறாக அடித்துக்கொண்டே போனால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் அடிப்பதை நிறுத்துங்கள். 'இனிஷியலைஸ்', 'ஃபார்மட்' பொத்தான்களைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே இருக்கும் சான்றிதழ் அழிந்துவிடும், திரும்ப எடுக்க வழியில்லை, மறுபடி விண்ணப்பித்துப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பூட்டிய டோக்கனுக்குக் கணினிக்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. டிஎஸ்சி கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். அன்றே கடைசி நாள், உங்கள் நிறுவனம் கம்பெனியோ எல்எல்பியோ இல்லை என்றால், ஜிஎஸ்டி தாக்கலை ஓடிபி வரும் ஈவிசி வழியில் முடித்துவிட்டு டோக்கனை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 6: இணைகிறது, அப்புறம் தானாகக் கழன்றுவிடுகிறது

லினக்ஸ் ஹோஸ்டில் டிஎம்இஎஸ்ஜி-யை -டபிள்யூ சேர்த்து ஓட்டி, ஜன்னலைத் திறந்தே வையுங்கள். விஎம்மில் வழக்கம்போல வேலை செய்யுங்கள். சாதனம் விழும்போது இந்த ஜன்னலில் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று வந்து, உடனே அதே சாதனம் புது எண்ணோடு மறுபடி வருகிறது. நீங்கள் தொடாமலே எண் ஏறிக்கொண்டே போகிறதென்றால் கம்பியோ மின்சாரமோ. கேபிளை மாற்றுங்கள், ஹப்பைத் தவிருங்கள். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர், 3.0 துளை 900 மில்லிஆம்பியர் தரும். சாதாரண ஹப் இதையே எல்லோருக்கும் பங்குபோடும். கைரேகைக் கருவி, வெப்கேம், ஹார்டு டிஸ்க் மூன்றும் ஒரே ஹப்பில் இருந்தால் ஏதோ ஒன்று விழத்தான் செய்யும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். யூஎஸ்பி 2.0-க்கு கேபிள் நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. எடைமேடையில் லாரி நிற்கும் இடத்திலிருந்து அலுவலகம் வரை யூஎஸ்பி வயரை இழுத்திருப்பதைப் பார்க்கிறேன். தூரத்தைக் கடக்க வேண்டியது சீரியல் வயர். யூஎஸ்பி மாற்றியைக் கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். மின்சாரம் போய் யூபிஎஸ் எடுக்கும் நொடியில் விழுகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் யூபிஎஸ் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.

டிஸ்கனெக்ட் வந்து, திரும்பி வரும்போது வேறு ப்ராடக்ட் ஐடியோடு வருகிறது. பழுது இல்லை, அந்தச் சாதனத்தின் இயல்பு. ஆண்ட்ராய்டு போன் ஃபாஸ்ட்பூட்டுக்குப் போகும்போது இப்படித்தான் செய்யும், ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்ளும் சில கருவிகளும் அப்படியே. இரண்டு ஐடிக்கும் தனித்தனி ஃபில்டர் போடுங்கள். விஎம் ஓட்டுவது பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் என்றால் ஐடிக்குப் பதில் துளையையே விஎம்முக்குக் கொடுத்துவிடுங்கள், அதில் எது எந்த ஐடியில் வந்தாலும் உள்ளே போகும். போன் ஃபிளாஷ் செய்வதை மட்டும் விஎம்மில் செய்யாதீர்கள். நடுவில் விட்டுப்போனால் போன் போய்விடும்.

ஹோஸ்டில் எந்த வரியும் வரவில்லை, விஎம்மில் மட்டும் போய்விட்டது. விஎம்மின் விண்டோஸ் அதைத் தூங்கவைக்கிறது. உள்ளே பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை டிசேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் உள்ள டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஹோஸ்ட் விண்டோஸ் என்றால் அங்கேயும் இதையே செய்யுங்கள். லினக்ஸ் ஹோஸ்டில் கர்னலின் துவக்க வரியில் யூஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 என்று சேர்க்கலாம்.

லேப்டாப்பை மூடித் திறந்தபின் மட்டும் விழுகிறதென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. மெனுவில் மறுபடி தேர்ந்தெடுங்கள், போதும்.

## அறிகுறி 7: வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக, விட்டுவிட்டு

கன்ட்ரோலர் 1.1-இல் இருக்கிறதா பாருங்கள். அதன் உச்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிட், 2.0-க்கு 480. இது ஒன்றே பல நேரம் காரணம்.

வெப்கேம், யூஎஸ்பி ஹெட்செட் இரண்டும் விஎம்மில் திணறுவது சகஜம். வெப்கேமை விர்ச்சுவல்பாக்ஸில் யூஎஸ்பி மெனு வழியாகக் கொடுக்காமல் அதற்கென்றே உள்ள 'வெப்கேம்ஸ்' மெனு வழியாகக் கொடுங்கள். அதற்கு எக்ஸ்டென்ஷன் பேக் (விர்ச்சுவல்பாக்ஸோடு தனியாகச் சேர்க்கும் தொகுப்பு) வேண்டும். விஎம் ஜன்னலின் கீழே பச்சை ஆமை ஐகான் தெரிந்தால் ஹோஸ்டில் ஹைப்பர்-வி ஓடுகிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் மெதுவாக நடக்கிறது. வயர்லெஸ் மவுஸ் மட்டும் தடுமாறினால் அதன் டாங்கிள் பக்கத்தில் 3.0 டிஸ்க் ஏதும் இருக்கிறதா பாருங்கள். 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும். தள்ளிச் செருகுங்கள்.

## அறிகுறி 8: ஒரே மாதிரி இரண்டு டோக்கன், தவறானது உள்ளே போகிறது

ஆடிட்டர் அலுவலகங்களின் சிக்கல் இது. வாடிக்கையாளர்களின் டோக்கன்கள் எல்லாம் ஒரே மாடல், ஒரே ஐடி. லினக்ஸில் விஎம்களை ஓட்டும் விர்ட்-மேனேஜரில் ஐடி வைத்துக் கொடுத்திருந்தால், இரண்டு செருகியிருக்கும்போது எது என்று தெரியாமல் பிழை காட்டி நின்றுவிடும். பஸ், டிவைஸ் எண்களை வைத்துக் கொடுத்தால் ஓடும், ஆனால் கழற்றிச் செருகியதும் டிவைஸ் எண் மாறிவிடும். நடைமுறையில் எளிது, ஒரு நேரத்தில் ஒரு டோக்கன் மட்டும் செருகுவது. அது முடியாத அலுவலகத்தில் துளை வாரியாகக் கொடுத்து, துளைகளின் மேல் எண் எழுதி ஒட்டிவிடுங்கள்.

## அறிகுறி 9: விஎம்மே துவங்க மறுக்கிறது

விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்தபின் இப்படி ஆனால், எக்ஸ்டென்ஷன் பேக்கின் பதிப்பும் அதே எண்ணில் இருக்கிறதா பாருங்கள். 7.0-க்கு முன்பு யூஎஸ்பி 2.0, 3.0 இரண்டுக்குமே அந்தப் பேக் தேவைப்பட்டது. இப்போதைய பதிப்புகளில் தேவையில்லை. அலுவலகப் பயன்பாட்டுக்கு அந்தப் பேக் இலவசம் கிடையாது என்பதால், யூஎஸ்பி-க்காக மட்டும் வைத்திருந்தவர்கள் நீக்கிவிடலாம். லினக்ஸில் செக்யூர் பூட் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸின் கர்னல் மாட்யூல் ஏறாமல் போயிருக்கலாம். விர்ட்-மேனேஜரில், கொடுத்துவைத்த சாதனம் செருகாமல் இருந்தாலே விஎம் துவங்காது. செருகுங்கள் அல்லது பட்டியலிலிருந்து எடுங்கள்.

## இவ்வளவும் பார்த்தும் தீரவில்லையென்றால்

மிஞ்சுவது கொஞ்சம் செலவுள்ள வழிகள். தனி பிசிஐஇ யூஎஸ்பி கார்டு ஒன்று வாங்கி, அந்தக் கார்டை மொத்தமாக விஎம்முக்குக் கொடுத்துவிடலாம். ஹோஸ்ட் இடையில் வராது, பிடிவாதமான டாங்கிள்கூட அடங்கிவிடும். அதற்கு லினக்ஸின் விஎம் வசதியான கேவிஎம் அல்லது பிராக்ஸ்மாக்ஸ் வேண்டும். பயாஸில் இன்டெலின் விடி-டி அல்லது ஏஎம்டியின் ஐஓஎம்எம்யூ இயக்கப்பட்டிருக்க வேண்டும், கார்டு தனி ஐஓஎம்எம்யூ குழுவில் விழ வேண்டும். தவறான கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டால் ஹோஸ்டின் கீபோர்டும் மவுஸும் அதோடு போய்விடும். இதற்குத் தெரிந்தவரைக் கூப்பிடுவதே நல்லது.

எம்பிராய்டரி இயந்திரம், சிஎன்சி போன்றவற்றின் லைசென்ஸ் டாங்கிள் என்றால், அந்தச் செலவுக்கு முன் மென்பொருளை விற்றவரிடம் விஎம்மில் ஓட அனுமதி உண்டா என்று கேளுங்கள். சில மென்பொருள்கள் விஎம் என்று தெரிந்ததும் வேண்டுமென்றே நின்றுவிடும். அங்கே யூஎஸ்பியை எவ்வளவு சரிசெய்தாலும் பலன் இல்லை. அந்த ஒரு வேலைக்கு மட்டும் பழைய லேப்டாப் ஒன்றை ஒதுக்கிவைப்பது மலிவு.

யாரைக் கூப்பிட்டாலும் போனிலேயே இவற்றைச் சொல்லிவிடுங்கள்: ஹோஸ்ட் எது, விஎம் மென்பொருள் எது, அதன் பதிப்பு எண், உள்ளே ஓடும் விண்டோஸ் எது, சாதனத்தின் வெண்டர் ஐடியும் ப்ராடக்ட் ஐடியும், பிழைச் செய்தியின் முழு ஸ்கிரீன்ஷாட். கடைசியாக என்ன மாற்றினீர்கள், அப்டேட் ஏதும் ஓடியதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டோக்கனின் பின் எண்ணை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். வருபவர் கேட்டால் நீங்களே அடித்துக்கொடுங்கள்.